பழவேற்காடு ஏரி, பன்னிரண்டு நிமிடம்: ஒரு முதல் கருத்தரங்க உரையின் நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

பேசியவர் கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய ஊரைச் சேர்ந்த முதுநிலைப் புவியியல் மாணவி. பேசிய இடம் திருப்பதியில், செயற்கைக்கோள் படங்களை ஆராயும் தொலையுணர்வுத் துறையினர் நடத்திய ஒரு கருத்தரங்கு. கொடுத்த நேரம் 15 நிமிடம்: பேச 12, கேள்விக்கு 3. பொருள், ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பழவேற்காடு ஏரியின் நீர்ப்பரப்பு மாதாமாதம் எப்படிக் கூடிக் குறைகிறது என்பது.

ஏரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இந்தியாவின் உவர்நீர்க் காயல்களில் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது இது. பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்முனை தமிழ்நாட்டிலும் கிடக்கிறது. தெற்கே ஆரணியாறும் மேற்கே காளங்கியும் வந்து சேர்கின்றன. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. சூலூர்பேட்டையிலிருந்து ஏவுதளத்துக்குப் போகும் சாலை ஏரியின் வடபகுதியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. பெரும்பாலான இடங்களில் இறங்கி நின்றால் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பும். கோடையில் வடபகுதி வற்றி, உப்புப் பூத்த சேற்றுத்திடலாகக் கிடக்கும். தெற்கே பழவேற்காட்டு முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டால் கடல்நீர் வரத்தும் நின்றுபோகும்.

இந்த ஆழமின்மைதான் உரையில் எழுந்த எல்லாச் சிக்கலுக்கும் வேர். ஆழமான அணையில் தண்ணீர் எது, தரை எது என்று செயற்கைக்கோள் படம் தெளிவாகச் சொல்லும். முழங்கால் அளவு கலங்கல் நீரும், ஈரச் சேறும், உப்புப் படலமும் கலந்து கிடக்கும் இடத்தில் அது தடுமாறும். முதல் உரை என்றதும் மாணவர்கள் குரல் நடுங்குமோ, ஆங்கிலம் தடுக்குமோ என்றுதான் கவலைப்படுகிறார்கள். இந்த உரையைக் காப்பாற்றியது வேறொன்று: "நீங்கள் நீலமாகக் காட்டியிருப்பது தண்ணீர்தான் என்று எப்படித் தெரியும்?" என்ற ஒரே கேள்விக்கு முன்கூட்டியே விடை தேடி வைத்திருந்தது. தயாரிப்பு நேரத்தில் பெரும்பங்கு அதற்கே போனது. போக வேண்டியதும் அதற்குத்தான்.

ஒத்திகையில் உடைந்த வரைபடம்

முதல் வரைவில் உரையின் தலைச்செய்தி இப்படி இருந்தது: 2022 தொடக்கத்திலிருந்து ஏரியின் நீர்ப்பரப்பு சட்டென்று சுருங்கிவிட்டது. வரைபடத்தில் கோடு அந்த ஆண்டின் தொடக்கத்தில் படிபோல் இறங்கியது. பார்த்த எவருக்கும் நம்பத் தோன்றும். துறை ஒத்திகையில் ஒரு மூத்த ஆய்வாளர் கேட்ட கேள்வி சாதாரணமானது: "ஏம்மா, அந்த மாசம் ஏரியில என்ன நடந்துது?" மழை பொய்க்கவில்லை, முகத்துவாரத்திலும் புதிதாக ஒன்றும் நிகழவில்லை. அப்படியென்றால் மாற்றம் நடந்தது ஏரியில் அல்ல, கோப்பில்.

நடந்தது இதுதான். சென்டினல்-2 படத்தின் ஒவ்வொரு பிக்சலிலும், அந்த இடம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்ற ஒளித்திருப்ப மதிப்பைப் பத்தாயிரத்தால் பெருக்கி முழு எண்ணாக வைத்திருப்பார்கள். 2022 ஜனவரி 25 முதல், 04.00 என்னும் செயலாக்கப் பதிப்பில், எல்லா மதிப்புகளோடும் 1000 கூட்டிவைக்கத் தொடங்கினார்கள். மிகக் கறுப்பான பரப்புகளில் மதிப்பு சுழிக்குக் கீழே போய் வெட்டுப்படாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. பயன்படுத்துகிறவர் அந்த 1000-ஐக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும். கழிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம்.

ஒரு பிக்சல் தண்ணீரா தரையா என்று சொல்லும் நீர்க்குறியீடாகப் பரவலாகப் புழங்குவது என்டிடபிள்யூஐ. செயற்கைக்கோள் ஒளியைப் பல அலைநீளப் பட்டைகளாக, அதாவது பேண்டுகளாகப் பிரித்து அளக்கும். பச்சை பேண்டிலிருந்து அண்மை அகச்சிவப்பு பேண்டைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது. மெக்ஃபீட்டர்ஸ் 1996-இல் முன்வைத்த சூத்திரம். கலங்கலான ஆழமற்ற நீரில் பச்சை 800, அகச்சிவப்பு 500 என்று வைத்துக்கொள்வோம். 300-ஐ 1300-ஆல் வகுத்தால் 0.23. இதே நீர் புதிய பதிப்பில் 1800, 1500 என்று வரும். கழிக்காமல் போட்டால் 300-ஐ 3300-ஆல் வகுத்து 0.09. தண்ணீருக்கான வரம்பை 0.1 என்று வைத்திருந்தால், முதல் படத்தில் தண்ணீராக இருந்த பிக்சல் இரண்டாவதில் தரையாகிவிடுகிறது. ஏரி சுருங்கவே இல்லை. வகுக்கும் எண்தான் பெருத்துவிட்டது. தெளிந்த நீரிலும் குறியீட்டு மதிப்பு இதேபோல் இறங்கும், ஆனால் பெரும்பாலும் வரம்புக்குக் கீழே போகாது. அதனால்தான் கடலும் அணைகளும் சரியாகத் தெரிந்து, இந்த ஏரி மட்டும் சுருங்கியது போல் தோன்றியது. பிழை கண்ணுக்குத் தப்பியதற்குக் காரணமும் அதுவே.

கண்டுபிடிப்பது எளிது. கோப்புப் பெயரின் நடுவே ஆங்கில "என்" என்ற எழுத்தை அடுத்து நான்கு இலக்கம் வரும். 0301 என்றால் பழைய பதிப்பு. 0400-உம் அதற்கு மேலும் என்றால் 1000 கழிக்க வேண்டும். தேதியை மட்டும் நம்பக்கூடாது. பழைய ஆண்டுகளின் படங்களையும் பின்னாளில் புதிய பதிப்பில் மறுசெயலாக்கம் செய்து வெளியிட்டிருக்கிறார்கள். ஒரே நாளின் படம் இரண்டு விதமாகவும் கிடைக்கும். கல்லூரி வன்தட்டில் முந்தைய மாணவர்கள் இறக்கி வைத்தவற்றோடு புதிதாக இறக்கியவற்றைச் சேர்க்கும்போது இது கட்டாயம் கலக்கும். கூகுள் எர்த் எஞ்சினில் வேலை செய்கிறவர்கள் "ஹார்மனைஸ்டு" என்று முடியும் தொகுப்பை எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

இன்னும் இரண்டு பிழைகள் அதே ஒத்திகையில் வெளிப்பட்டன. பரப்பளவை இணைய வரைபடங்களுக்கான மெர்கேட்டர் வீழலில் (உருண்டைப் பூமியைத் தட்டையாக விரிக்கும் ஒரு முறை) கணக்கிட்டிருந்தார். பழவேற்காட்டின் அட்சரேகையில் அது பரப்பைச் சுமார் 6 விழுக்காடு கூட்டிக் காட்டும். பரப்பை மீட்டர் கணக்கில் அளக்க ஏற்ற யூடிஎம் வீழலின் 44 வடக்கு மண்டலத்துக்கு மாற்றிய பிறகே பிக்சலை எண்ண வேண்டும். அங்கே 10 மீட்டர் பிக்சல் ஒன்று 100 சதுர மீட்டர், 10,000 பிக்சல் ஒரு சதுர கிலோமீட்டர். அடுத்தது, ஏரி ஒரே டைலில், அதாவது படத்தை வெட்டித் தரும் ஒரே சதுரத் துண்டில், அடங்குவதில்லை. பழவேற்காடு ஊர் ஒன்றிலும், சூலூர்பேட்டைச் சாலை அதற்கு வடக்கே உள்ள இன்னொன்றிலும் விழுகின்றன. டைல்கள் ஒன்றின்மேல் ஒன்று சற்றே ஏறிக் கிடப்பதால், ஒட்டாமல் தனித்தனியே எண்ணிக் கூட்டினால் நடுப்பட்டை இரண்டு முறை கணக்கில் ஏறும்.

சேறு, உப்பு, காற்று, ஓதம்

1000-ஐக் கழித்ததும் படி மறைந்தது. அதோடு உரையின் தலைச்செய்தியும் போனது. ஆனால் எஞ்சியிருந்தது முன்னதைவிடப் பெறுமதியானது. வடபகுதி எந்த மாதத்தில் எவ்வளவு வற்றுகிறது என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணால் விடை சொல்ல முடியாது; தண்ணீர், ஈரச்சேறு, காய்ந்த தரை என்று மூன்றாகப் பிரித்தால்தான் நேர்மையான விடை கிடைக்கும். இதுவே புதிய தலைச்செய்தி ஆனது.

மூன்றாகப் பிரிக்க ஏன் நேர்ந்தது? அகச்சிவப்பைத் தெளிந்த நீர் விழுங்கிவிடும். வண்டல் மிதக்கும் கலங்கல் நீர் அதில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். என்டிடபிள்யூஐ சுழிக்குக் கீழேகூடப் போகும். அண்மை அகச்சிவப்புக்குப் பதில் 1610 நானோமீட்டர் குற்றலை அகச்சிவப்பு பேண்டை வைத்துப் போடும் திருத்திய குறியீடு கலங்கலுக்கு அசையாது, ஏனென்றால் அந்த அலையை மில்லிமீட்டர் கணக்கான நீரே விழுங்கிவிடும். ஆனால் அதே காரணத்தால், மேலே ஈரப்படலம் உள்ள சேற்றையும் அது தண்ணீர் என்றுவிடும். அதன் பிக்சலும் 20 மீட்டர். ஆக முதல் குறியீடு தண்ணீரைக் குறைத்துச் சொல்கிறது, இரண்டாவது கூட்டிச் சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகும் இடம் உறுதியான தண்ணீர். இரண்டாவது மட்டும் ஆமென்று சொல்லும் இடம் ஐயத்துக்குரிய பட்டை. உரையில் அதை மஞ்சள் நிறத்தில் தனியே காட்டினார்.

உப்பு வேறு விதமாகக் கெடுக்கும். சென்டினல்-2 தரவோடு வரும், ஒவ்வொரு பிக்சலும் மேகமா, நீரா, தரையா என்று குறிக்கும் நிலவகைப் படத்தை வைத்து மேகத்தை நீக்குவது வழக்கம். பளிச்சென்ற மணலையும் காய்ந்த உப்புத் திடலையும் அது பலமுறை மேகம் என்று தவறாகக் குறிக்கிறது. சித்திரை, வைகாசியில் வடபகுதியின் காய்ந்த தரை இப்படி மேகமென்று நீக்கப்பட்டால், மீதியுள்ள பிக்சல்களில் தண்ணீரின் பங்கு கூடிவிடும். வற்றிய மாதத்தில் ஏரி நிரம்பியதாகக் கணக்கு சொல்லும். நீக்கப்பட்ட பிக்சல் எண்ணிக்கையையும் நீர்ப்பரப்போடு சேர்த்து ஒவ்வொரு தேதிக்கும் அச்சிட்டுப் பார்ப்பதுதான் மருந்து. அது கோடையில் ஏறினால் கண்ணால் படத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

மழைக்காலத்தின் கதை நேர்மாறு. ஏரி நிரம்பும் ஐப்பசி, கார்த்திகையில்தான் மேகமும் அதிகம். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை கொட்டிய நாட்களைப் போன்ற நேரத்தில் ஒளிப்படம் எடுக்கும் செயற்கைக்கோளால் பயனில்லை. மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் வேண்டும். சென்டினல்-1 அதற்குத்தான், ஆனால் அதன் இரட்டையில் ஒன்றான 1பி 2021 டிசம்பர் 23-இல் பழுதாகி நின்றது. 1சி 2024 டிசம்பர் 5-இல் ஏவப்படும் வரை ஒன்றே சுற்றியது; அதே பாதையில் திரும்பி வர 12 நாள். மூன்று நாளில் ஏறி வடிந்த வெள்ளம் இந்த இடைவெளியில் பதிவாகாமலே போகலாம். தொடர்வரைபடத்தில் அந்தக் காலத்தை வேறு நிறத்தில் காட்டாவிட்டால், வெள்ளம் வரவில்லை என்று பார்வையாளர் புரிந்துகொள்வார்.

ரேடாரில் அமைதியான நீர் கறுப்பாகத் தெரியும். அலை எழும்பினால் வெளுக்கும். மாலைக் கடற்காற்று வீசும்போது எடுத்த படத்தில் ஏரியின் நடுப்பகுதி தரையாக மாறிப்போகும். காலை ஆறு மணி வாக்கில் கடக்கும் பாதையை மட்டும் எடுத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும். வழவழப்பான ஈரச் சேறும் கறுப்புதான் என்பதால் சேற்றுப் பிரச்சினை ரேடாரிலும் தீராது.

கடல்மட்டம் அன்றாடம் ஏறி இறங்கும் ஓதத்தைப் பற்றிக் கருத்தரங்குகளில் யாரும் வாய் திறப்பதில்லை. முகத்துவாரம் திறந்திருக்கும்போது தென்பகுதியில் இது பெரிய விஷயம். சென்டினல்-2 ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில், முற்பகல் பத்தரை மணி சுமாருக்குத்தான் கடக்கிறது. ஒரே மணி நேரத்தில் பார்த்துக்கொண்டே இருந்தால், நிலவால் வரும் ஓதம் 14.77 நாளுக்கு ஒருமுறை அதே நிலைக்குத் திரும்பும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பத்தரை மணிக்கு ஏரி ஒரே போலத்தான் இருக்கும் என்பது பழவேற்காட்டு மீனவர்களுக்குப் படிக்காமலே தெரியும். சென்டினல்-2-இன் இரண்டு செயற்கைக்கோளும் சேர்ந்து 5 நாளுக்கு ஒரு படம் தருகின்றன. மூன்று படம் தள்ளினால் 15 நாள். அதாவது, ஒவ்வொரு மூன்றாவது படமும் ஏறக்குறைய ஒரே ஓத நிலையில் எடுத்தது. 15 நாளுக்கு ஒன்று என்று படம் தேர்ந்தெடுப்பவருக்கு, இந்தச் சிறு வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து சுமார் இரண்டரை ஆண்டு நீளமுள்ள பொய்யான ஏற்ற இறக்கமாக வரும். வானிலை மாற்றம் என்று அதைப் பேசிவிட வாய்ப்புண்டு. எளிய தற்காப்பு, கிடைத்த எல்லாப் படத்தையும் எடுத்து மாத இடைநிலை மதிப்பைப் போடுவது. வடபகுதியையும் தென்பகுதியையும் சாலைக்கோட்டில் பிரித்துத் தனித்தனியே காட்டுவது.

களச்சரிபார்ப்பு

இரண்டு மாநில எல்லைக்குள்ளும் பறவைகள் சரணாலயப் பகுதி இருக்கிறது. படகில் போய்ப் புள்ளி எடுக்க இரு மாநில வனத்துறையிடமும் அனுமதி வாங்க வேண்டும். கடிதம் நகர்வதற்குப் போதிய காலம் விட்டே விண்ணப்பிக்க வேண்டும். ஏவுதளம் பக்கத்திலேயே இருப்பதால் டிரோனை நினைக்கவே கூடாது. ராக்கெட் ஏவும் தேதிகளை முன்பே பார்த்துக்கொண்டு அந்நாட்களைத் தவிர்க்க வேண்டும்.

புள்ளி எடுக்கும் நாள் செயற்கைக்கோள் கடக்கும் நாளாகவே இருக்க வேண்டும். ஒரு நாள் தள்ளினாலும் சேற்றுப் பட்டையில் ஈரம் மாறிவிடும். திறந்த வெளியில் கைபேசி ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் பிசகும், பிக்சல் 10 மீட்டர். ஆகவே சுற்றிலும் குறைந்தது 30 மீட்டருக்கு ஒரே மாதிரியான பரப்பு உள்ள இடத்தின் நடுவில் நின்று குறிக்க வேண்டும். கரையோரத்தில் நின்று குறித்த புள்ளி எந்தப் பக்கத்துக்கும் சாட்சியாகாது. ஒவ்வொரு புள்ளியிலும் நான்கு விவரம்: நேரம், அளவுகோல் குச்சியில் நீர் ஆழம், அடி மண், நான்கு திசைப் புகைப்படம்.

படகுக்காரர்களின் அறிவு இங்கே நேரடியாகப் பயன்பட்டது. பழவேற்காட்டில் மீன்பிடி இடங்களைப் "பாடு" முறைப்படி முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். எந்தப் பாட்டில் எந்த மாதம் வலை விரிக்க நீர் போதாது என்று வயதானவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். படத்தில் நீலமாக இருந்த ஒரு திட்டைக் காட்டியதும் ஒருவர் சொன்னது: "அது தண்ணி இல்ல பாப்பா, நுங்குச் சேறு. கால் வச்சா தொடை வரைக்கும் போவும்." அந்த ஒரு திட்டுதான் மஞ்சள் பட்டையின் முதல் சான்று. இப்படிக் கிடைத்த தகவலை நன்றியுரையில் மட்டும் போட்டு முடிப்பது தவறு. எந்தப் புள்ளி யார் சொல்லி எடுத்தது என்பது முறையியலின் பகுதியாகவே ஸ்லைடில் வந்தது, அதுவே முறை.

துல்லியத்தைச் சொல்வதிலும் ஒரு பொறி உண்டு. 200 புள்ளியில் 180 சரி என்று வைத்துக்கொள்வோம். 90 விழுக்காடு, கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த 200-இல் 160 புள்ளி நட்டநடு ஏரியும் தென்னந்தோப்பும் என்றால், தவறிய 20-உம் மீதி 40 சேற்றுப் புள்ளிகளில்தான் இருக்கும். சேற்றில் துல்லியம் 50 விழுக்காடு. காசைச் சுண்டிப் பார்ப்பதும் இதுவும் ஒன்றே. ஆகவே ஒட்டுமொத்தத் துல்லியத்தைத் தனியாகச் சொல்லாமல் மூன்று வகைக்கும் தனித்தனியே சொல்லும் அட்டவணையையே திரையில் வைத்தார்.

ஸ்லைடுகள்

பன்னிரண்டு நிமிடம் என்பது 720 விநாடி. அதை இப்படிப் பிரித்தது பொருந்தியது: ஏரியும் கேள்வியும் 90, தரவு 60, முறை 90, 2022 படிக்கட்டுப் பிழை 120, முடிவுகள் 180, ஆய்வின் குறைகள் 90, முடிப்பு 30. மொத்தம் 660. மிச்சமுள்ள 60 விநாடி மைக் சரிசெய்யவும், முந்தைய பேச்சாளர் இழுத்துவிட்டால் விட்டுக்கொடுக்கவும். பதினோரு ஸ்லைடு போதும். முதல் வரைவில் சென்டினல் செயற்கைக்கோளின் வரலாற்றுக்கே நான்கு ஸ்லைடு இருந்தது. தொலையுணர்வுக் கூட்டத்தில் அதைக் கேட்க ஆளில்லை, வெட்டியது சரி.

திருத்திய பிழைக்கு இரண்டு நிமிடம் கொடுப்பதா என்று வழிகாட்டி முதலில் தயங்கினார். கொடுத்ததுதான் உரையின் பலம் என்பது எங்கள் தீர்மானமான கருத்து. அவையில் அதே தரவைக் கையாளுகிறவர்கள் பலர் இருப்பார்கள். கழிக்காத கோடும் கழித்த கோடும் ஒரே சட்டத்தில் வந்தபோது, அவர்கள் எடுத்துக்கொண்டு போக ஒரு பொருள் கிடைத்தது.

செயற்கைக்கோள் படம் மடிக்கணினியில் தெரிவதுபோல் ப்ரொஜெக்டரில் தெரியாது. கறுப்புப் பின்னணியில் கருநீலத் தண்ணீர் வெளிச்சமான அறையில் அப்படியே மறைந்துபோகும். வெள்ளைப் பின்னணி, 2 முதல் 98 விழுக்காட்டுக்குள் நீட்டிய ஒளிச்செறிவு (இரு முனையிலும் உள்ள மிகக் கறுப்பான, மிக வெளிச்சமான மதிப்புகளை ஒதுக்குவது), தண்ணீருக்கு அடர்நீலம், சேற்றுக்கு மஞ்சள், தரைக்கு வெளிர்சாம்பல். சிவப்பு–பச்சை இணையைத் தவிர்க்க வேண்டும். அவையில் அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவர் ஒருவராவது இருப்பார். வானவில் வண்ண அளவை இல்லாத எல்லைகளை உண்டாக்கிக் காட்டும் என்பதால் அதுவும் வேண்டாம். எழுத்து 24 புள்ளிக்குக் கீழே போகக்கூடாது. ஒவ்வொரு படத்திலும் எடுத்த தேதி, 5 கிலோமீட்டர் அளவுகோல், வடக்குக் குறி. மூலையில் "மாற்றியமைக்கப்பட்ட கோப்பர்னிக்கஸ் சென்டினல் தரவு" என்ற ஒப்புகையும் ஆண்டும். இலவசத் தரவு என்றாலும் இது நிபந்தனை.

மாநில எல்லைக்கோட்டை ஸ்லைடில் போடவில்லை. எல்லையை வைத்து இரு மாநில மீனவர்களுக்கும் நீண்ட காலமாகத் தகராறு உண்டு. கையால் வரைந்த கோடு சற்றே பிசகினாலும் கேள்வி நேரம் முழுக்க அதிலேயே போய்விடும். வற்றும் பகுதியைப் பிரிக்கச் சாலைக்கோடே போதுமானது. எல்லை தேவைப்படும் ஆய்வு என்றால் இந்திய நில அளவைத் துறை வெளியிட்ட கோட்டை மட்டுமே எடுக்க வேண்டும்.

மாதவாரியாக ஏரி நிரம்பி வற்றும் அசைபடம் ஒன்று செய்திருந்தார். பிடிஎஃப்-ஆக மாற்றியதும் அது முதல் சட்டத்திலேயே நின்றுவிட்டது. மாற்றாக ஜனவரி, மார்ச், மே, நவம்பர் என நான்கு படத்தை ஒரே ஸ்லைடில் அருகருகே வைத்தது அசைபடத்தைவிட நன்றாகவே வேலை செய்தது. ஓடும் படத்தில் கண் எங்கே பார்ப்பதென்று அலையும். நிற்கும் நான்கில் ஒப்பிடலாம்.

பேச்சும் மேடையும்

உரை ஆங்கிலத்தில். அவையில் பெரும்பாலோர் தெலுங்கர், சிலர் தமிழர், சிலர் வடக்கிலிருந்து வந்தவர்கள். தமிழ்வழியில் படித்த மாணவருக்கு முழு உரையையும் மனப்பாடம் செய்யும் ஆசை வரும். நடுவில் ஒரு சொல் நழுவினால் மொத்தமும் சரியும் என்பதால் அது ஆபத்து. முதல் மூன்று வாக்கியமும் கடைசி இரண்டும் மட்டும் மனப்பாடம். நடுவே ஸ்லைடுக்கு ஒரு வாக்கியம் சிறு அட்டையில். அதற்கும் முன்னால், முழு வாதத்தையும் ஏரிக்கரை ஆள் ஒருவரிடம் தமிழில் சொல்லிப் பார்த்தார். எங்கே அவர் "அப்படின்னா?" என்று கேட்டாரோ, அங்கேதான் ஆங்கிலத்திலும் ஓட்டை இருந்தது. எண்களைச் சத்தமாகச் சொல்லிப் பழகுவது தனி வேலை. பதற்றத்தில் முதலில் குழறுவது எண்களே.

தொடக்க வாக்கியம் வணக்கமும் நன்றியும் முடிந்த கையோடு நேரே ஏரிக்குள் போனது: மே மாதத்தில் எடுத்த ஒரு படம், அதில் ஒரு நீலத் திட்டு, "இது தண்ணீரா?" என்ற கேள்வி. விடை எட்டாவது ஸ்லைடில்.

முந்தைய இடைவேளையிலேயே அறைக்குப் போய்க் கோப்பைத் திறந்து பார்த்துவிட வேண்டும். கையில் வேண்டியவை: எச்டிஎம்ஐ, விஜிஏ இரண்டுக்கும் பொருந்தும் இணைப்பான், பென்டிரைவில் ஸ்லைடும் பிடிஎஃப்பும், மின்னஞ்சலில் ஒரு பிரதி. இணையத்தை நம்பிய வரைபடம் எதுவும் கூடாது. லேசர் சுட்டி நடுங்கும் கையைப் பெரிதாக்கிக் காட்டும். காட்ட வேண்டிய இடத்தில் ஸ்லைடிலேயே வட்டமும் அம்பும் போட்டுவிட்டால் அது தேவைப்படாது.

கேள்வி நேரம்

மூன்று கேள்விகள் வந்தன. வரம்பு மதிப்பை எப்படித் தேர்ந்தீர்கள் என்பது முதலாவது. மதிப்புப் பரவலைப் பார்த்துத் தானாக வரம்பைக் குறிக்கும் ஒட்சு முறை என்று மட்டும் சொன்னால் போதாது. படத்தின் மதிப்புப் பரவல் இரட்டைக் கூம்பாக இருந்தால்தான் ஒட்சு முறை சரியாக வெட்டும். ஏரி வற்றித் தண்ணீர் சிறு பங்கான மாதத்தில் ஒரு கூம்பு காணாமல் போகும். வரம்பு தரைக்குள் நழுவும். கரையோரத்தை நடுவாக வைத்து இருபுறமும் சம அளவு பட்டையை வெட்டி அதற்குள் மட்டும் கணக்கிட்டதாக விடை சொன்னார். அதற்கான படம் உரைக்குப் பின்னால் வைத்த கூடுதல் ஸ்லைடில் இருந்தது.

இரண்டாவது, எல்லா இந்தியக் கருத்தரங்கிலும் வரும் கேள்வி: நம் நாட்டுத் தரவை ஏன் எடுக்கவில்லை? நியாயமான கேள்வி. இந்தியாவின் ரிசோர்ஸ்சாட்-2, 2ஏ செயற்கைக்கோள்கள் இரண்டும் ஏவப்பட்டதே இந்த ஏரிக்கரையிலிருந்துதான். அவற்றிலுள்ள லிஸ்-4 படக்கருவியின் 5.8 மீட்டர் நுணுக்கம் கரைக்கோட்டுக்கு மிக நல்லது. ஆனால் அதில் குற்றலை பேண்ட் இல்லை, சேற்றைப் பிரிக்க அது வேண்டும். லிஸ்-3-இல் குற்றலை உண்டு, பிக்சல் 23.5 மீட்டர். இதை நாற்பது விநாடியில் சொல்லி முடித்தார். தரவு கிடைக்கவில்லை என்று குறைபாடியிருந்தால் விவாதம் திசை மாறியிருக்கும்.

மூன்றாவது கேள்வி உப்புத்தன்மை பற்றியது. நீர்ப்பரப்புப் படத்திலிருந்து அதைச் சொல்ல முடியாது. "இந்தத் தரவில் அதற்கு விடை இல்லை, களத்தில் மின்கடத்துதிறன் அளவி வைத்து அளக்க வேண்டும்" என்று இரண்டு வாக்கியத்தில் முடித்தார். முதல் உரையாளர்கள் இந்த இடத்தில்தான் இல்லாததை ஊகித்துப் பேசி மாட்டிக்கொள்வார்கள். ஒவ்வொரு கேள்வியையும் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு விடை தொடங்கியது யோசிக்கச் சில விநாடிகளைக் கொடுத்தது. பின்வரிசையில் இருந்தவர்கள் காதிலும் கேள்வி விழுந்தது.

அடுத்த கட்டம்

உரைக்குப் பிறகு நிரலையும் களப்புள்ளிகளையும் ஒரே கோப்புறையில், ஒவ்வொரு படத்தின் முழுப் பெயரோடும் செயலாக்கப் பதிப்பு எண்ணோடும் வைத்தாயிற்று. அடுத்து இந்திய–அமெரிக்க ரேடார் செயற்கைக்கோளான நிசார். 2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வி-எஃப்16 ஏந்திப் போன செயற்கைக்கோள் அது. 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பும். அதன் எல்-பேண்ட் அலைநீளம் சுமார் 24 சென்டிமீட்டர், சென்டினல்-1-க்கு 5.5. நீண்ட அலைக்குக் காற்று எழுப்பும் சிற்றலைகள் அவ்வளவாகப் பொருட்டில்லை என்பதால் மாலைப் படங்களையும் பயன்படுத்த வழி பிறக்கலாம். சேற்றுப் பட்டையில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்க்க, தை மாதத்தில் ஒன்றும் வைகாசியில் ஒன்றுமாக இரண்டு களப்பணிக்கு, அதே பாடுகளில் அதே படகுக்காரர்களோடு, வனத்துறைக்கு விண்ணப்பம் போயிருக்கிறது.